காவிரி டெல்டாவில் எம்ஜிஏ 1500: கண்காட்சிக்கு ஓட்டிச் சென்ற ஆண்டுகளின் அனுபவம்

பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கண்காட்சிக்கு லாரியில் ஏற்றி அனுப்புவதா, நாமே ஓட்டிச் செல்வதா என்னும் விவாதம் டெல்டாவில் இத்தகைய கார் வைத்திருக்கும் எங்களைப் போன்ற சிலருக்குள் ஆண்டுதோறும் எழுகிறது. மயிலாடுதுறையில் எம்ஜிஏ 1500 என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து, பொங்கலுக்குப் பிந்தைய வாரங்களில் தஞ்சாவூரில் நடக்கும் உள்ளூர்க் கண்காட்சிக்கு அதைக் கொண்டு செல்பவன் என்ற முறையில், ஓட்டித்தான் செல்ல வேண்டும் என்பதே என் உறுதியான முடிவு. இந்தக் காருக்குக் கேடு செய்வது ஓட்டமன்று. மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்பதுதான். பிரேக் சிலிண்டர்களின் ரப்பர் இறுகுவதும், பெட்ரோல் தொட்டியில் ஈரம் சேர்வதும், கிளட்ச் தட்டு ஒட்டிக்கொள்வதும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கார் அசையாமல் கிடக்கும்போதுதான் நிகழ்கின்றன.

எம்ஜிஏ 1955 செப்டம்பரில் பிராங்க்பர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, 1962 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் தயாரான கார். அவற்றில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே போனது. தனி இரும்புச் சட்டத்தின் (சேஸி) மீது அமர்ந்த தாழ்ந்த உடல், நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக், எஸ்யூ வகை இரட்டைக் கார்புரேட்டர், 1489 சிசி இன்ஜின் ஆகியவை 1500 மாடலின் அடையாளங்கள். அந்த 1489 சிசி என்ற எண்தான் இந்தக் காரை நம் ஊரில் வைத்துக் காப்பாற்ற முடிவதற்குக் காரணம். எம்ஜியின் தாய் நிறுவனமான பிஎம்சியின் (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) அதே ‘பி’ வரிசை இன்ஜின்தான் பல பத்தாண்டுகள் நம் அம்பாசடரையும் இழுத்தது. கும்பகோணத்துப் பட்டறையில் முதன்முறையாக பானட்டைத் திறந்து பார்த்த மூத்த மெக்கானிக், “இது நம்ம அம்பாசடர் இன்ஜின்தானே தம்பி, ரெண்டு கார்புரேட்டர் வச்சிருக்கான், அவ்வளவுதான்” என்றார். அரசு ஜீப்புகளையும் வாடகை அம்பாசடர்களையும் ஆயுள் முழுவதும் பிரித்துக் கோத்த அந்தக் கைகளுக்கு வால்வு இடைவெளி வைப்பதற்கோ டைமிங் பிடிப்பதற்கோ எந்தக் கையேடும் தேவைப்படவில்லை.

ஆயினும் எல்லாப் பாகமும் அப்படியே பொருந்திவிடும் என்று எவரும் நம்பிவிட வேண்டாம். எம்ஜிஏவின் கேம்ஷாஃப்ட், சிலிண்டர் ஹெட், கார்புரேட்டர் அமைப்பு ஆகியவை வேறு. எந்தப் பாகத்தையும் பழையதோடு ஒப்பிட்டு அளந்த பிறகே வாங்க வேண்டும். பாயின்ட், கண்டன்சர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி போன்ற மின்பாகங்களில் நிலைமை சற்று எளிது. இந்தக் காரின் மின்பாகங்களைச் செய்த பிரிட்டனின் லூகாஸ் நிறுவனத்து வடிவமைப்பில் சென்னை பாடியில் 1961 முதல் இயங்கும் லூகாஸ் டிவிஎஸ், அம்பாசடர் காலத்துக் கார்களுக்கென இத்தகைய பாகங்களைச் செய்து வந்திருப்பதால், பழைய உதிரிபாகக் கடைகளில் பொறுமையாகத் தேடினால் பயன்படக்கூடியவை கிடைக்கின்றன. இரட்டைக் கார்புரேட்டரைச் சமன் செய்வது மட்டும் அம்பாசடர் பட்டறைகளுக்குப் பழக்கமில்லாத வேலை. ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் பிடித்து, காற்று உறிஞ்சும் ஓசை இரண்டிலும் ஒத்திருக்கும்வரை திருகைத் திருப்ப வேண்டும். கண்காட்சிக்கு முந்தைய வாரம் நான் தவறாமல் செய்வது இதுதான். கார்புரேட்டரின் மேல்மூடியைத் திறந்து டேஷ்பாட்டில் (உள்ளிருக்கும் பிஸ்டனின் அசைவை நிதானப்படுத்தும் எண்ணெய்க் குழி) மெல்லிய எண்ணெய் ஊற்றுவதும் அப்போதே முடிந்துவிடும்.

மின்சாரத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. இந்தக் காரில் உடலோடு இணைவது பேட்டரியின் நேர்முனை. வழியில் உதவ வரும் எவரும் இன்றைய வழக்கப்படி எதிர்முனையை உடலில் மாட்டிவிடக்கூடும் என்பதால், பேட்டரிப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இருக்கைக்குப் பின்னே இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருந்த இடத்தில் ஒரே 12 வோல்ட் பேட்டரி வைத்துக்கொண்டதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

எரிபொருள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்த ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றுபோனதால் அவற்றைக் கடினமானவையாக மாற்ற வேண்டியிருந்தது. இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்டதால் பழைய ரப்பர்க் குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றியாயிற்று. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் என்பதை மழைக்காலத்து டெல்டாவில் கார் வைத்திருப்பவர்கள் மறக்கலாகாது.

மயிலாடுதுறையிலிருந்து குத்தாலம், ஆடுதுறை, திருவிடைமருதூர், கும்பகோணம், பாபநாசம், அய்யம்பேட்டை வழியாகத் தஞ்சாவூர் செல்லும் பழைய சாலையையே நான் விரும்புகிறேன். 70 கி.மீ. வேகத்தில் நான்காவது கியரில் இன்ஜின் ஏறக்குறைய 2,600 சுற்றில் நிதானமாகப் பாடும். அதற்கு மேல் விரட்ட எனக்கு விருப்பமில்லை. எண்ணெய் அழுத்தத்தையும் தண்ணீர் வெப்பத்தையும் ஒரே வட்டத்துக்குள் காட்டும் கடிகாரத்தின் மீது ஒரு கண் எப்போதும் இருக்க வேண்டும். முகூர்த்த நாளாக இருந்தால் கும்பகோணத்து நெரிசலில் வெப்பமுள் மளமளவென ஏறுகிறது. அன்று விடியற்காலையிலேயே ஊரைக் கடந்துவிடுவது நல்லது. முதல் கியரில் சின்க்ரோமெஷ் (ஓட்டத்தில் கியர் பற்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு) இல்லாததால், வேகத்தடை முன் காரை முழுமையாக நிறுத்தியே அதைப் போட முடியும். அடிப்பகுதி தரையோடு தாழ்ந்திருப்பதால் தடையைச் சாய்வாக ஏறி இறங்குவது பழக்கமாகிவிட்டது. எதிரே தனியார் பேருந்து வரும்போது, மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் சர்வோவின் உதவியற்ற டிரம் பிரேக் எவ்வளவு தூரத்தில் நிறுத்தும் என்பதை அறிந்தவர் மட்டுமே முந்த நினைக்க வேண்டும்.

கண்காட்சிக் காலம் சம்பா, தாளடி அறுவடைக் காலமாகவும் அமைந்துவிடுகிறது. சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். மறுபாதியில் அறுவடை இயந்திரங்களும் டிராக்டர்களும் வயற்சேற்றைக் கட்டிகட்டியாக உதிர்த்துச் செல்லும். காய்கிற நெல்லின் மீது சக்கரம் ஏற்றுவதில்லை என்பதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன். ஓரமாக நின்று வழிவிட்டுச் செல்வதால் போவது சில நிமிடங்கள்தான். வைக்கோல் வேறு வகையான ஆபத்து. தாழ்ந்த காரின் சூடான சைலன்சர் குழாயில் அது சுற்றிக்கொண்டால் தீப்பிடிக்கக்கூடும். ஆகவே பாபநாசத்தைத் தாண்டியதும் நிழலில் நிறுத்தி, குனிந்து அடிப்பகுதியைப் பார்த்துவிட்டே தொடர்கிறேன். சிறிய தீயணைப்பான் ஒன்று இருக்கையின் அருகிலேயே இருக்கிறது.

ஆவண விஷயத்தில், 50 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்காக 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகள் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் ஆகியவற்றுக்காக ஓட்ட இடமளிக்கின்றன; அன்றாடப் பயன்பாட்டுக்கு இடமில்லை. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம்.

மைதானத்தில் பிள்ளைகள் முதலில் தேடுவது கதவின் கைப்பிடியை. எம்ஜிஏ ரோட்ஸ்டரின் வெளிப்புறத்தில் கைப்பிடியே கிடையாது. உள்ளே கைவிட்டுக் கயிற்றை இழுக்க வேண்டும். அவர்களையே இழுத்துப் பார்க்கச் சொல்வதில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. லாரியில் வந்திறங்கிய பளபளப்பான கார்களுக்கு நடுவே, சக்கரத்தில் வண்டலோடு நிற்கும் காரைச் சுற்றி ஓய்வுபெற்ற ஓட்டுநர்கள் கூடி, அம்பாசடர் காலத்துக் கிளட்சையும் கார்புரேட்டரையும் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களிடம் கேட்டறிந்தவை என் பராமரிப்புக் குறிப்பேட்டில் பல பக்கங்களை நிறைத்திருக்கின்றன.

திரும்பும் நேரத்தை மட்டும் நீட்டிக்க வேண்டாம். ஆல்டர்னேட்டர் அன்றி டைனமோ கொண்ட கார் இது. நெரிசலில் இன்ஜின் மெதுவாக ஓடும்போது மின்னேற்றம் ஏறக்குறைய நின்றுவிடுவதால், முகப்பு விளக்கு எரிந்தால் பேட்டரிதான் இறங்கும். பிற்பகல் மூன்று மணிக்குள் புறப்பட்டால் விளக்குப் போடாமலே மயிலாடுதுறை சேரலாம். மறுநாள் காலையில் சட்டத்தின் மடிப்புகளில் தங்கிய சேற்றைத் தண்ணீர் அடித்துக் கழுவி, நன்கு உலர்த்திய பிறகே காரைக் கொட்டகையில் விட வேண்டும். ஒட்டு மரப்பலகைத் தளம் ஈரத்தோடு இருந்தால் அடுத்த மழைக்குள் உளுத்துவிடும்.