பென்சில் எழுத்தைப் படிக்கக் கற்றுத் தந்த கூட்டம்

முப்பது ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தவள் நான். மூலத்தோடு ஒப்பிடாமல் ஒரு வரியைக்கூட அச்சுக்கு அனுப்பியதில்லை. ஆனால் என் குடும்பத்தைப் பற்றிய விவரங்களை மட்டும், காதில் விழுந்தபடியே ஒரு நீல நிற நோட்டில் எழுதி, அதையே குடும்ப வரலாறு என்று நம்பிக்கொண்டிருந்தேன். கடந்த ஓராண்டாக ஒரு குடும்ப வரலாற்றுக் கூட்டத்துக்குப் போய்வருகிறேன். முன்னோரைத் தேடுவதற்குக் கணினியையும் கைபேசியையும் எப்படிப் பயன்படுத்துவது என்று ஒருவருக்கொருவர் சொல்லித்தரும் மாதாந்திரக் கூட்டம் அது. பன்னிரண்டு அமர்வுகளில் பதினொன்றில் இருந்திருக்கிறேன். போகலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு நூலகத்தின் மாடி அறையில் கூடுகிறோம். இருபது பேரிலிருந்து முப்பது பேர் வரை வருவார்கள். மொத்தம் மூன்று மணி நேரம். முதல் மணியில் ஒருவர் ஏதேனும் ஒரு கருவியைப் பற்றிப் பேசுவார். இரண்டாம் மணியில் அவரவர் மடிக்கணினியைத் திறந்து வைத்து அதையே செய்து பார்ப்போம். மூன்றாம் மணியில் யாராவது ஒருவருடைய சிக்கலைத் திரையில் போட்டு, எல்லோரும் சேர்ந்து யோசிப்போம். இந்த மூன்றாம் மணிக்காகத்தான் நான் போகிறேன். முதல் மணியில் சொல்லப்படுவதைப் படித்தோ காணொளி பார்த்தோ ஒருவர் தானே கற்றுக்கொள்ள முடியும். நம் குடும்பத்தைப் பற்றிய எந்தக் கதையும் தெரியாத இருபது பேர் நம் ஆவணத்தைப் புதிய கண்ணால் பார்ப்பது வேறு எங்கும் கிடைக்காது.

கூட்டத்தை நடத்தும் அம்மையாரிடம் ஒரே ஒரு கேள்விதான் எப்போதும் தயாராக இருக்கும்: "இது எங்கிருந்து தெரியும்?" பிறந்த தேதி சொன்னாலும் இதே கேள்வி, ஊர்ப் பெயர் சொன்னாலும் இதே கேள்வி. முதல் இரண்டு மாதங்கள் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. பாட்டி சொன்னாள், போதாதா? மூன்றாம் மாதம் என் முறை வந்தபோதுதான் அந்தக் கேள்வியின் எடை புரிந்தது.

நான் கொண்டுபோனது ஒரு ஸ்டூடியோ புகைப்படம். என் அப்பாவின் உடன்பிறந்தவர்கள் வரிசையாக நிற்கும் படம். படத்தில் நான்கு குழந்தைகள். என் நோட்டிலும் தாத்தாவுக்கு நான்கு குழந்தைகள். ஆகவே கணக்கு சரி என்று இருந்தேன். கடைசியில் நிற்கும் சின்னக் குழந்தைதான் அப்பா என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அந்தக் குழந்தைக்குக் கவுன் போட்டிருக்கிறது. ஆண் குழந்தைக்கும் அந்தக் காலத்தில் கவுன் போடுவார்கள் என்று அதற்கு ஒரு விளக்கமும் உண்டு. படத்தின் பின்பக்கம் பென்சிலால் ஏதோ எழுதி, முற்றிலும் மங்கிப் போயிருந்தது. அதைப் படிக்க முடியுமா என்று கேட்கத்தான் போனேன்.

வீட்டில் ஸ்கேனரில் 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற கணக்கு) எடுத்துப் பார்த்தேன். பிறகு 1200. ஒன்றும் தெரியவில்லை. கூட்டத்தில் வரைபடத் துறையில் வேலை பார்த்த ஒருவர் இருக்கிறார். அவர் படத்தை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "கரிதான் போயிருக்கிறது, பள்ளம் இருக்கிறது" என்றார். ஸ்கேனரின் விளக்கு அட்டைக்கு நெருக்கமாக இருந்து எல்லா இடத்துக்கும் சமமாக வெளிச்சம் கொடுப்பதால் பள்ளத்தில் நிழல் விழாமல் போய்விடுகிறதாம். அறை விளக்குகளை அணைக்கச் சொன்னார். ஒரு கைபேசியின் டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்து, இன்னொரு கைபேசியால் மேலிருந்து படம் எடுத்தார். டார்ச்சை நான்கு பக்கமும் மாற்றி மாற்றி வைத்து நான்கு படங்கள். அவற்றைக் கறுப்பு வெள்ளையாக்கி மாறுபாட்டைக் கூட்டியபோது எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. நான்கு பெயர்கள், நான்கு வயதுகள், கீழே 1938.

கடைசிப் பெயர் ஒரு பெண்ணின் பெயர். வயது 3.

என் அப்பா பிறந்தது 1940இல். அவருடைய பள்ளிச் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. படம் எடுத்தபோது அவர் பிறக்கவே இல்லை. "அப்படியென்றால் மொத்தம் ஐந்து பேர்" என்று பின்வரிசையிலிருந்து யாரோ மெதுவாகச் சொன்னார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பிள்ளை, எண்பது ஆண்டுகளுக்கு மேலாக என் அப்பாவின் பெயரில் அந்தப் படத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள். அந்த நேரத்திலும் அம்மையார் தம் கேள்வியை விடவில்லை. "எழுதியது யார்? எப்போது எழுதினார்?" அடுத்த மாதம் தாத்தாவின் கடிதம் ஒன்றைக் கொண்டுபோய்க் கையெழுத்தை ஒப்பிட்டோம். எழுதியவர் தாத்தா என்று என் கண் சொல்கிறது. மெய்ப்புப் பார்த்த கண்.

குரல் பதிவு பற்றிய அமர்வு எனக்குச் சரியான சமயத்தில் வந்தது. படத்தில் இருப்பவர்களில் என் பெரிய அத்தை மட்டும்தான் இன்றும் இருக்கிறார். வயது தொண்ணூற்று மூன்று. பதிவின் தொடக்கத்திலேயே நாள், இடம், பேசுபவர் பெயர் ஆகியவற்றைச் சொல்லிவிட வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். ஒரு நிமிடம் பதிந்து கேட்டுப் பார்த்த பிறகே தொடர வேண்டும். விடையை உள்ளே வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது. படத்தைக் கையில் கொடுத்துவிட்டு அவர் பேசும்வரை சும்மா இருக்க வேண்டும். பெரியவர்களைப் பிறந்த வீட்டின் தரைப்படத்தை வரையச் சொல்லுங்கள், எந்த அறைக்கு எந்தக் கதவு என்று வரைய வரைய ஆட்களும் நினைவுக்கு வருவார்கள் என்றார் பேசியவர். அந்த ஓராண்டில் நான் எழுதிக்கொண்ட குறிப்புகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான்.

அத்தை நடுங்கும் கையால் கூடம், அடுக்களை, திண்ணை எல்லாம் வரைந்தார். கூடத்து மூலையில் ஒரு கோடு போட்டு, "இங்கே தொட்டில்" என்றார். "அப்பாவுடைய தொட்டிலா, அத்தை?" என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. சிறிது நேரம் கழித்து அவரே அந்தப் பெயரைச் சொன்னார், படத்தின் பின்னால் இருந்த அதே பெயரை. அந்தப் பதிவு ஐம்பத்திரண்டு நிமிடம். அதை மூன்று பிரதிகளாக, இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றை வீட்டுக்கு வெளியே வைத்திருக்கிறேன். இந்தக் கணக்கும் கூட்டம் சொல்லித் தந்ததே.

தேடல் பற்றிய அமர்வும் மிக நன்றாக இருந்தது. நம் பெயர்கள் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட பழைய பட்டியல்களில் ஏன் அகப்படுவதில்லை என்பதைப் பேச்சாளர் பலகையில் போட்டுக் காட்டினார். ஒலியை வைத்துப் பெயர்களை வகைப்படுத்தும் சவுண்டெக்ஸ் முறை 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பின்வரும் மெய்களுக்கு மூன்று இலக்கங்கள் தரும். பழனி என்ற பெயரில் ழகரத்துக்கு எல் போட்டு எழுதினால் பி450. இசட், எச் போட்டு எழுதினால் பி250. ஒரே மனிதர் இரண்டு பெட்டிகளில் போய் விழுகிறார். கணபதி ஒரு பட்டியலில் கே513, இன்னொன்றில் ஜி513. முதல் எழுத்து மாறினால் அந்த முறையால் இரண்டையும் சேர்க்க முடியாது. ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்த சல்லடையில் நம் பெயர்களைச் சலித்தால் இப்படித்தான் சிதறும். அதனால் ஐயமுள்ள எழுத்தின் இடத்தில் கேள்விக்குறியோ, பல எழுத்துகளுக்கு நட்சத்திரக் குறியோ போட்டுத் தேட வேண்டும். அன்றைய இரண்டாம் மணியில் மூன்று பேருக்குப் புதிய பதிவுகள் கிடைத்தன. எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

முன்னோர் பதிவுகளை இலவசமாகத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் தளத்தைப் பற்றியும் அன்று விரிவாகப் பேசினார்கள். அதன் முன்னோடியான யூட்டா மரபியல் சங்கம் மைக்ரோஃபிலிம் என்ற சிறு படச்சுருள்களில் ஆவணங்களைப் படம்பிடிக்கத் தொடங்கியது 1938இல். என் படத்தின் பின்னால் இருந்த அதே ஆண்டு என்று நோட்டில் அடிக்கோடிட்டு வைத்தேன். இருபத்து நான்கு லட்சம் சுருள்களுக்கு மேல் சேர்ந்த அந்தக் களஞ்சியத்தைக் கணினிக்கு மாற்றும் பணி 2021இல் முடிந்தது. பலரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: கணினிக்கு வந்த எல்லாவற்றுக்கும் பெயர்ப் பட்டியல் போட்டாகவில்லை. பெயரைத் தட்டித் தேடிக் கிடைக்காவிட்டால், ஏடு ஏடாகப் புரட்டத்தான் வேண்டும். சில சுருள்களை அவர்களுடைய மையங்களிலோ இணைப்பு நூலகங்களிலோ மட்டும்தான் பார்க்க முடியும்.

என் நோட்டில் அதுவரை நான் கையாண்டது பழைய எண்முறை. நான் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவர் தகப்பன், அதோடு ஒன்றைக் கூட்டினால் தாய். அழகான முறைதான். ஆனால் அதில் நேர்வழி முன்னோருக்கு மட்டும்தான் எண் உண்டு, உடன்பிறந்தவர்களுக்கு இடமில்லை. மூன்று வயதுப் பெண்ணை எங்கே எழுதுவது? அதற்காகவே கிராம்ப்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளுக்கு மாறினேன்.

மாறும்போது ஒரு சங்கடம். ஏற்கெனவே பாதி விவரங்களை ஒரு பழைய மென்பொருளில் ஏற்றியிருந்தேன். அதிலிருந்து ஜெட்காம் கோப்பாக எடுத்தபோது, தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறி வரிசைகளாக வந்தன. அவளுடைய பெயரும். ஜெட்காம் என்பது 1984இல் தொடங்கிய பொதுவான கோப்பு வடிவம், ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொடிவழியைக் கொண்டுபோகப் பயன்படுவது. அது வெறும் எழுத்துக் கோப்புதான், யாரும் திறந்து படிக்கலாம் என்பதே எனக்கு அன்று வரை தெரியாது. பக்கத்தில் இருந்த இளைஞர் கோப்பைத் திறந்து, தலைப்பகுதியில் எழுத்துக் குறியீடு, தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யுடிஎஃப்-8 ஆக இல்லாததைக் காட்டினார். "மூலம் அழியவில்லை அம்மா, ஏற்றுமதி மட்டும்தான் தவறு" என்று அவர் சொன்ன பிறகே எனக்கு மூச்சு வந்தது. ஏற்றுமதி அமைப்பில் ஒரு தெரிவை மாற்றியதும் பெயர்கள் திரும்பி வந்தன. 2021இல் வந்த ஜெட்காமின் ஏழாம் பதிப்பு யுடிஎஃப்-8ஐத் தவிர வேறு எதையும் ஏற்பதில்லை. தமிழில் பதிவு செய்பவர்கள் எந்த மென்பொருளிலும் முதல் நாளே ஐந்து பெயர்களை ஏற்றுமதி செய்து திறந்து பார்த்துவிட வேண்டும். ஐந்நூறு பெயர்களைச் சேர்த்த பிறகு பார்க்கக் கூடாது. புகைப்படங்கள் சாதாரண ஜெட்காம் கோப்புக்குள் போகாது, தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

குறைகளுக்கு வருகிறேன். மரபணுச் சோதனை பற்றிய அமர்வு எனக்கு வருத்தம் தந்தது. வெளியிலிருந்து வந்த பேச்சாளர், இருவருக்குப் பொதுவான மரபணுத் துண்டுகளை அளக்கும் சென்டிமார்கன் கணக்குகளைத் தெளிவாகவே விளக்கினார். தாத்தாவின் தாத்தா ஒருவராக இருக்கும் இரண்டு உறவினர்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு ஜோடிக்குப் பொதுவான மரபணுத் துண்டு எதுவும் தென்படாமல் போகலாம், அதனால் பொருந்தவில்லை என்பது உறவில்லை என்பதற்குச் சான்று ஆகாது என்றார். உறவுக்குள்ளேயே திருமணங்கள் நடந்த குடும்பங்களில் கணக்கு வீங்கி, தூரத்து உறவு நெருங்கிய உறவாகத் தோன்றும் என்பதையும் சொன்னார். இவை எல்லாம் சரி. ஆனால் ஒருவர் தம் எச்சிலைக் குழாயில் போட்டு அனுப்பும்போது, கேட்கப்படாத தம் அண்ணன் தங்கையின் அந்தரங்கத்தில் பாதியையும் சேர்த்து அனுப்புகிறார் என்பதை அவர் சொல்லவில்லை. எதிர்பாராத தகப்பன், தெரியாத உடன்பிறப்பு என்று விடை வந்தால் ஒரு வீடு என்னவாகும் என்பதையும் சொல்லவில்லை. ஒரு பெண்மணி கேட்டார். பிறகு பார்க்கலாம் என்று பேச்சாளர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அந்தப் பெண்மணியின் முகத்தை நான் பார்த்தேன். கூட்ட அமைப்பாளர்களுக்கு எழுதினேன். அடுத்த மாதம் இதற்கென்றே அரை மணி ஒதுக்கினார்கள், அதற்கு நன்றி. ஆனால் எச்சரிக்கை முதலில் வந்திருக்க வேண்டும்.

பழைய படங்களைச் செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்கும் அமர்வில் எனக்கு உடன்பாடு இல்லை. மங்கிய முகத்தில் அந்தக் கருவி போடும் கண்ணும் உதடும் அது பார்த்த வேறு ஆயிரம் முகங்களிலிருந்து வருபவை. அந்தக் குழந்தையின் முகத்தை ஒருவர் அன்போடு கூர்மையாக்கிக் காட்டினார். அழகான குழந்தைதான், ஆனால் அவள் இல்லை. மாற்றிய படத்தின் கோப்புப் பெயரிலேயே "மாற்றியது" என்று எழுத வேண்டும், மூலத்தை அதன் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்று கூட்டம் வைத்த விதியை மட்டும் முழு மனத்தோடு ஏற்கிறேன்.

இணையவழியில் சேர்பவர்களுக்கு மூன்றாம் மணிப் பேச்சு சரியாகக் கேட்பதில்லை, ஒலிவாங்கி ஒன்றே ஒன்றுதான். உயிரோடு இருப்பவர்களின் விவரங்களை இரண்டு முறை திரையில் அப்படியே காட்டிவிட்டார்கள். இப்போது மறைக்கிறார்கள்.

புதிதாகப் போகிறவர்கள் ஒரே ஒரு படத்தையோ கடிதத்தையோ கொண்டுபோங்கள். மூலத்தையே கொண்டுபோங்கள், நகல் போதாது. என் படத்தின் நகலை வைத்து அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது. முழுக் கொடிவழியையும் அச்சிட்டுக் கொண்டுவருபவர்களுக்கு நேரம் போதுவதில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன்.

வரும் மாதம் மறுபடியும் என் முறை. அவள் இறந்த ஆண்டைத் தேட வேண்டும். 1938க்கும் 1940க்கும் இடையில் இருக்கும் என்று அத்தையின் பேச்சிலிருந்து ஊகிக்கிறேன். இப்போதைக்கு என் பதிவில் அவளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது: பெயர். பிறப்பு ஏறத்தாழ 1935. ஆதாரம்: புகைப்படத்தின் பின்பக்கம், பென்சில், அநேகமாக அவள் தகப்பனார் கையெழுத்து.