பட்டமா, ஆன்லைன் படிப்பா, செவ்வாய்க்கிழமைக் கூட்டமா?

காரைக்குடி வட்டாரத்தில் பத்து இருபது பேரை வைத்து வேலை வாங்கும் ஒருவர், தன்னையும் வளர்த்துக்கொள்ள நினைத்தால் மூன்று வழி இருக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகத்தில் தொலைநிலை எம்.பி.ஏ., என்.பி.டெல் ஆன்லைன் படிப்பு, வெவ்வேறு தொழிலில் இருக்கும் மேலாளர்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் சிறு கூட்டம். கானாடுகாத்தானில் பழைய நகரத்தார் வீடு ஒன்றை ஓட்டலாக நடத்தும் பொறுப்பு என்னுடையது. மூன்றையும் விசாரித்துவிட்டு நான் தங்கியது கூட்டத்தில். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

எம்.பி.ஏ. பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இரண்டு வருஷம், நாலு செமஸ்டர். பெரிய நிறுவனத்துக்கு மாறவோ பதவி உயர்வுக்கோ பட்டம் கேட்கிறார்கள் என்றால் யோசிக்காமல் சேருங்கள். நான் சேரவில்லை. படித்த நண்பர், நிதியும் செலவுக் கணக்கும் நன்றாகக் கைவந்தன என்கிறார்.

என்.பி.டெல் நான் படித்துப் பார்த்தது. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது. பாடம் இலவசம், தேர்வு எழுதத்தான் கட்டணம். 4, 8, 12 வாரம் என்று படிப்புகள் உண்டு. வாராவாரம் கொடுக்கும் பயிற்சிக்கு 25 மதிப்பெண், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. தரத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. இரவு எட்டு மணிக்கு மேல் நேரம் கிடைப்பவருக்கு இதைவிட மலிவான நல்ல ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம். டொனால்டு கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர், ஒரு பயிற்சி பலித்ததா என்று பார்க்க 1959-லேயே நாலு படி சொன்னார். வந்தவருக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டாரா, வேலையில் அவர் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. தேர்வு எதுவானாலும் இரண்டாம் படியோடு நின்றுவிடும். மூன்றாம் படியை யாராவது பக்கத்தில் இருந்து கேட்டால்தான் உண்டு.

அந்தக் காலத்தில் பர்மா, மலாயாவில் இருந்த நகரத்தார் வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைசி எடுபிடியாகப் போனவர், அடுத்தாளாகி (மேலாளுக்கு அடுத்த நிலை), கடையை நடத்தும் மேலாளாக உயர்ந்தது அப்படித்தான். தினமும் மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கண் இல்லை. முதலாளி வெளியூரில் இருக்கிறார், வந்தால் வரவு செலவு பார்ப்பார். கீழே இருப்பவர்கள் என் குறையை என் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். பொறுப்பு ஏற ஏறக் கேட்க ஆள் குறைகிறது. அந்த இடத்தைத்தான் கூட்டம் நிரப்புகிறது.

எங்கள் முறை எளிது. இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய் மாலை. சனி, ஞாயிறு ஓட்டல்காரனுக்கு ஆகாது. ஒருவர் தன் சிக்கலைச் சொல்வார். மற்றவர்கள் யோசனை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். கடைசியில் அவர் அடுத்த முறைக்குள் செய்யப்போகும் ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இங்கிலாந்தில் ரெஜ் ரெவன்ஸ் 1940-களில் நிலக்கரிச் சுரங்க மேலாளர்களை ஒருவரிடம் ஒருவர் கற்க வைத்ததும் ஏறக்குறைய இதே வழியில்தான்.

வரவேற்பில் சேரும் பையன்கள் சில மாதத்தில் நின்றுவிடுகிறார்கள் என்று ஒருமுறை சொன்னேன். சம்பளம்தான் காரணம் என்பது என் எண்ணம். ஜவுளிக்கடை மேலாளர், “நின்னுபோனவுககிட்ட உக்காந்து பேசுனீகளாண்ணே?” என்று மட்டும் கேட்டார். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வியே, “என்னண்ணே, பேசுனீகளா?” பேசியிருந்தேன். மறுநாள் எந்த ஷிஃப்ட் என்று முந்தின ராத்திரிதான் தெரிகிறது, வீட்டில் ஒரு விசேஷத்துக்குக்கூட வருகிறேன் என்று சொல்ல முடியவில்லை என்றார்கள். இப்போது வாரம் முழுவதற்குமான பட்டியலை முன்கூட்டியே ஒட்டிவிடுகிறோம். அதற்கப்புறம் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இருக்கிறார்கள். ஊழியரிடம் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று பாடத்திலும் படித்திருந்தேன். செய்ய வைத்தது அந்த “பேசுனீகளா”தான்.

கூட்டத்துக்கும் எல்லை உண்டு. தெரியாத விஷயத்தை ஐந்து பேர் கூடிப் பேசித் தெரிந்துகொள்ள முடியாது. தொழிலாளர் சட்டம், செலவுக் கணக்கு போன்றவற்றுக்குப் படிப்புதான் வேண்டும். வருஷத்துக்கு ஒரு என்.பி.டெல் படிப்பைக் கூடவே வைத்துக்கொள்வது நல்லது. நாங்கள் ஐவரும் முன்பே பழகியவர்கள். முன்பின் அறியாதவர்கள் சேர்ந்தால் இவ்வளவு மனம் திறப்பார்களா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

தொடங்குவதாக இருந்தால் ஒரே தொழிலில் இருவரைச் சேர்க்காதீர்கள். போட்டிக்காரர் எதிரே உட்கார்ந்திருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். டிசம்பர், ஜனவரியில் ஓட்டல்காரருக்குச் சீசன், தையில் எல்லாருக்கும் கல்யாணம். மாசி பிறந்ததும் முதல் கூட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள்.