வெளிநாட்டுக் கடையில் வாங்கினால் எந்த வழியில் வரவழைப்பது? தபால், கூரியர், ஃபார்வர்டிங்: ஓர் ஒப்பீடு

வெளிநாட்டு இணையக் கடையில் ஒரு பொருளைக் கூடையில் போட்டுவிட்டுப் பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால், டெலிவரிக்கு மூன்று நான்கு வழிகள் வந்து நிற்கும். எகானமி, ஸ்டாண்டர்டு, எக்ஸ்பிரஸ் என்று பெயர். பக்கத்தில் ஒரு தொகை. எத்தனை நாளில் வரும் என்று ஒரு கணிப்பு. பெரும்பாலும் நம் கண் தொகையில்தான் நிற்கும். ஆனால் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருப்பவை வேறு வேறு அமைப்புகள். வரியை யார் கட்டுவது, எடையை எப்படிக் கணக்கிடுவது, பார்சல் தொலைந்தால் யாரிடம் போய்க் கேட்பது எல்லாமே வழிக்கு வழி மாறும். எது மலிவு என்பதை இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முதலில், அது மலிவுதானா?

‘70% தள்ளுபடி’ என்ற சிவப்புப் பட்டையை அப்படியே நம்பக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்புறம் எதை நம்புவது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. விலையைக் குறைத்திருப்பதாக அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய 30 நாட்களில் அந்தப் பொருளுக்கு வைத்திருந்த மிகக் குறைந்த விலையையும் சொல்லியாக வேண்டும். வேறு நாட்டுக் கடையில் வாங்குவதாக இருந்தாலும், அதே பொருளை ஓர் ஐரோப்பியக் கடையில் தேடி, பொடி எழுத்தில் இருக்கும் அந்தக் குறைந்த விலையைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. அமேசானில் விற்கும் பொருள் என்றால் கீப்பா, கேமல்கேமல்கேமல் போன்ற தளங்கள் பழைய விலைகளை வரைபடமாகவே காட்டிவிடும்.

ஐரோப்பியக் கடைகளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அங்கே காட்டும் விலையில் பெரும்பாலும் வாட் வரி சேர்ந்தே இருக்கும். ஒன்றியத்துக்கு வெளியே அனுப்பும் பொருளுக்கு அந்த வரி கிடையாது. பல கடைகள் டெலிவரி முகவரியைக் கொடுத்ததும் அதைக் கழித்துவிடும். வரி 20% என்றால் 120 என்று காட்டிய பொருள் 100-க்கு இறங்கும். சில கடைகள் கழிக்காமல் அதே விலையை வைத்துக்கொள்ளும். ஆகவே விலைப் பட்டியலை வைத்து ஒப்பிடாமல், முகவரி கொடுத்த பிறகு வரும் தொகையை வைத்து ஒப்பிடுங்கள்.

‘உங்கள் நாட்டு நாணயத்திலேயே கட்டலாம்’ என்ற சலுகை வந்தால் பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்வதே மேல். அந்த மாற்று விகிதத்தில் அவர்களுடைய லாபம் ஒளிந்திருக்கும். கடையின் நாணயத்தில் கட்டினால் மாற்றும் வேலையை உங்கள் கார்டு பார்த்துக்கொள்ளும். அந்தக் கார்டு வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு எவ்வளவு பிடிக்கிறது என்பதை மட்டும் ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் போதும்.

சுமைகூலிக்கும் வரி உண்டு

சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்பார்கள். எல்லை தாண்டிய வியாபாரத்தில் அந்தச் சுமைகூலிக்கும் சேர்த்து வரி போடுகிறார்கள். பெரும்பாலான நாடுகளில் சுங்க வரி கணக்கிடப்படுவது பொருளின் விலை, அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றையும் கூட்டிய தொகை மீதுதான். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகள் அனுப்பும் செலவைச் சேர்க்காமல் சுங்க மதிப்பைக் கணக்கிடுகின்றன.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பொருள் 100. சுங்க வரி 10%, அதற்கு மேல் விற்பனை வரி 20% என்று வைத்துக்கொள்வோம். தபாலில் அனுப்ப 20, கூரியரில் 35.

தபாலில் வந்தால்: 120-க்கு சுங்க வரி 12. ஆக 132. அதன் மேல் 20% என்றால் 26.40. மொத்தம் 158.40.

கூரியரில் வந்தால்: 135-க்கு சுங்க வரி 13.50. ஆக 148.50. அதன் மேல் 29.70. மொத்தம் 178.20.

பணம் கட்டும் பக்கத்தில் 15-ஆகத் தெரிந்த வித்தியாசம், வீட்டு வாசலில் கிட்டத்தட்ட 20 ஆகிவிட்டது. இதற்கு மேல், சுங்கத்தில் உங்களுக்காக வரியைக் கட்டியதற்குக் கூரியர் நிறுவனம் ஒரு கட்டணம் போடும். தபால் துறையும் பல நாடுகளில் வாங்குகிறது. பொதுவாகக் கூரியரை விடக் குறைவு. மலிவான பொருளில் இந்த ஒரு கட்டணமே மொத்த ஆதாயத்தையும் சாப்பிட்டுவிடும்.

தபால்: மெதுவாக, மலிவாக, பாதி வழியில் மௌனமாக

1874-ல் பெர்ன் நகரில் உருவான உலகத் தபால் ஒன்றியத்தில் இன்று 192 நாடுகள் உறுப்பினர்கள். ஒரு நாட்டுத் தபால் துறை பார்சலை வாங்கி, சேர வேண்டிய நாட்டின் தபால் துறையிடம் கொடுக்கும். அங்கே வீட்டு வாசல் வரை கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு ஒரு தொகையையும் கொடுக்கும். வளரும் நாடுகள் கொடுக்க வேண்டிய அந்தத் தொகை நெடுங்காலம் மிகக் குறைவாக இருந்தது. சீனாவிலிருந்து வந்த குட்டிப் பொருட்களுக்கு டெலிவரி இலவசமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அமெரிக்கா ஒன்றியத்தை விட்டே விலகப் போவதாகச் சொன்ன பிறகு, 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் கூடிய சிறப்பு மாநாட்டில் அந்த முறையை மாற்றினார்கள். ‘முன்பெல்லாம் இலவசமாக வந்ததே’ என்ற அங்கலாய்ப்புக்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது.

சிறு பொட்டலம் என்ற வகையில் 2 கிலோ வரை போகலாம். அதற்கு மேல் பார்சல் வகை, கட்டணமும் ஏறும். தபாலின் பெரிய வசதி, பெரும்பாலும் நிஜ எடைக்குத்தான் காசு. காற்றடைத்த பெரிய பெட்டிக்கு அபராதம் இல்லை.

டிராக்கிங் எண்ணைப் பார்த்தே எந்த வகையில் அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். தபால் எண் என்றால் முதலில் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து, ஆக மொத்தம் 13. முதல் எழுத்து ஆர் என்றால் பதிவுத் தபால், சி என்றால் பார்சல், இ என்றால் இஎம்எஸ் விரைவு. ‘பதிவுத் தபாலில் அனுப்புகிறோம்’ என்று காசு வாங்கிய கடை ஆர் இல்லாத எண்ணை அனுப்பினால் உடனே கேட்டுவிடுங்கள்.

‘லேபிள் தயாரானது’ என்ற வரியைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். பார்சல் இன்னும் கடையிலேயே கிடக்கிறது என்று அர்த்தம். ‘அனுப்பும் நாட்டின் பரிமாற்ற அலுவலகத்திலிருந்து புறப்பட்டது’ என்று வந்த பிறகு ஒரு நீண்ட மௌனம் வரும். இந்தப் பக்கப் பரிமாற்ற அலுவலகத்தில் ஸ்கேன் ஆகும் வரை பெரும்பாலும் எதுவும் தெரியாது. பயணிகள் விமானத்தில் மிச்ச இடத்துக்காகக் காத்திருந்தாலும், சுங்கத்துக்கு முன் வரிசையில் நின்றாலும், திரையில் ஒரே வாசகம்தான். அந்த மௌனத்தைத் தாங்கும் பொறுமை இல்லாதவர்களுக்குத் தபால் சரிப்படாது.

விதிகள் திடீரென்று மாறும்போது முதலில் தடுமாறுவதும் தபால்தான். 800 டாலர் வரையிலான பொருட்களுக்கு இருந்த வரி விலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 அன்று எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியபோது, வரியை முன்கூட்டி வசூலிக்க ஏற்பாடு இல்லாமல் பல நாட்டுத் தபால் துறைகள் அமெரிக்காவுக்குப் பார்சல் எடுப்பதையே நிறுத்திவைத்தன. கூரியர்கள் கட்டணத்தை ஏற்றினாலும் ஓடிக்கொண்டிருந்தன.

கூரியர்: வேகத்துக்குக் காசு, காற்றுக்கும் காசு

டிஎச்எல், ஃபெடெக்ஸ், யுபிஎஸ் போன்றவற்றில் பார்சல் எடுப்பதிலிருந்து கொடுப்பது வரை பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பு. விமானம் இறங்குவதற்கு முன்பே சுங்க ஆவணங்களைச் சமர்ப்பித்துவிடுவார்கள். வேகத்தின் ரகசியம் விமானத்தில் இருப்பதை விட இந்த ஆவண வேலையில்தான் அதிகம் இருக்கிறது. பார்சல் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஏதாவது ஆனால் யாரிடம் கேட்பது என்பதும் தெரியும்.

பலர் ஏமாறுவது கன அளவு எடையில். நீளம், அகலம், உயரத்தைச் செண்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். நிஜ எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஒரு ஜோடி ஷூவை எடுத்துக்கொள்ளுங்கள். நிஜ எடை 1.1 கிலோ. பெட்டி 35×25×13 என்றால் 11,375. 5000-ஆல் வகுத்தால் 2.275. அரைக் கிலோ கணக்கில் மேலே ஏற்றினால் 2.5 கிலோவுக்குக் காசு கட்ட வேண்டும். அதே ஷூவை அதன் அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து 32×20×11 அளவில் பொதிந்தால் 1.408, அதாவது 1.5 கிலோ. ஓர் அட்டைப் பெட்டிக்காக ஒரு கிலோ கட்டணம்! பெட்டி வேண்டாம் என்று கடைக்கு எழுதிக் கேட்டுப் பாருங்கள். சின்னக் கடைகள் பல நேரம் ஒத்துக்கொள்ளும்.

எனவே கையடக்கமான, விலை உயர்ந்த பொருளுக்குக் கூரியர் லாபம். தலையணை, பொம்மை, விளக்குக் கூண்டு மாதிரியான பருமனான பொருளுக்கு நஷ்டம். காப்பீட்டையும் தனியாகப் பார்க்க வேண்டும். கூரியரில் வருவதாலேயே முழு விலைக்கும் பாதுகாப்பு உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். விமானச் சரக்குக்கு மான்ட்ரியல் உடன்படிக்கை வகுத்திருக்கும் பொறுப்பு வரம்பு எடைக்குத்தான்: 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. ஒரு டாலரை விடக் கொஞ்சம் அதிகம். அரைக் கிலோ கேமரா லென்ஸ் தொலைந்தால் இதை வைத்து என்ன செய்வது? பொருளின் மதிப்பை அறிவித்துத் தனியாகக் காப்பீடு எடுத்தால்தான் உண்டு.

இதே காரணத்துக்காகத்தான் ‘கிஃப்ட் என்று எழுதி விலையைக் குறைத்துப் போடட்டுமா?’ என்று கடைக்காரர் கேட்டால் மறுத்துவிட வேண்டும். அது சுங்கச் சட்ட மீறல் என்பது ஒருபுறம் இருக்கட்டும்; தொலைந்தால் இழப்பீடும் அந்தப் பொய் விலைக்குத்தான் கிடைக்கும்.

கடையே வரி கட்டும் வழி

என்னைக் கேட்டால், சாதாரண வாங்கலுக்கு இதுதான் முதலில் பார்க்க வேண்டிய வழி. வரியையும் கடையே வசூலித்து அனுப்பும் முறையை டிடிபி என்பார்கள். டிஏபி அல்லது டிடியு என்றிருந்தால் வரி உங்கள் தலையில். பல நாடுகள் இப்போது கடைகளையே வரி வசூலிக்கச் சொல்லிவிட்டன. ஆஸ்திரேலியா 2018 ஜூலை முதல் 1000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான பொருட்களுக்கும், பிரிட்டன் 2021 ஜனவரி முதல் 135 பவுண்டு வரையிலான பொருட்களுக்கும் இப்படிச் செய்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த வாட் விலக்கை 2021 ஜூலை 1-ல் எடுத்துவிட்டு, 150 யூரோ வரையிலான பொருட்களுக்குக் கடையே வாட் வசூலித்துக் கட்டும் ஐஓஎஸ்எஸ் முறையைக் கொண்டுவந்தது. பழைய கட்டுரைகளில் ‘இந்த வரம்புக்குக் கீழே வரி இல்லை’ என்று இருந்தால், எழுதிய தேதியைப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

இதில் வரும் ஒரே தொல்லை, கடையில் ஒருமுறை கட்டிய வரியை வாசலில் மறுபடியும் கேட்பது. ஐஓஎஸ்எஸ் எண்ணோ வரி கட்டிய விவரமோ சுங்கத்துக்குப் போய்ச் சேராதபோது இது நடக்கும். வரித் தொகை தனியாகத் தெரியும் ரசீதை எடுத்து வைத்திருந்தால் வாதாட ஏதாவது இருக்கும்.

ஃபார்வர்டிங்

வெளிநாட்டுக்கு அனுப்பாத கடையில் வாங்க வேண்டுமென்றால், அந்த நாட்டிலேயே ஒரு கிடங்கு முகவரி எடுத்து, அங்கே பொருட்களைச் சேர்த்து, ஒரே பெட்டியாக வரவழைக்கலாம். அமெரிக்காவில் இத்தகைய கிடங்குகள் பல ஆரிகன், டெலவேர் மாநிலங்களில் இருப்பதற்குக் காரணம், அங்கே மாநில விற்பனை வரி இல்லை. மூன்று நான்கு பொருட்களைச் சேர்த்து, தேவையில்லாத பெட்டிகளை அகற்றி அனுப்பச் சொன்னால் கணக்கு நன்றாகவே படியும்.

ஒற்றைப் பொருளுக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். சேர்த்துக் கட்டும் கட்டணம், இலவச நாட்கள் தாண்டினால் கிடங்கு வாடகை, புகைப்படத்துக்குக் காசு என்று சில்லறையாகக் கழன்றுகொண்டே போகும். சேர்த்து அனுப்பும்போது மொத்த மதிப்பு வரி வரம்பைத் தாண்டிவிடும் அபாயமும் உண்டு. எல்லாவற்றையும் விட, கிடங்கில் ஒப்படைத்ததோடு கடையின் கடமை பெரும்பாலும் முடிந்துவிடும். உடைந்து வந்தால் கடை கிடங்கைக் கைகாட்டும். கிடங்கு கடையைக் கைகாட்டும்.

திருப்பி அனுப்புவதிலும் இந்த நான்கு வழிகளும் ஒன்றல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்குபவருக்குக் காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் விலகும் உரிமை உண்டு. எல்லைக்கு வெளியே இருப்பவருக்கு அந்த உரிமை கிடைத்தாலும் திருப்பி அனுப்பும் செலவு கையைக் கடிக்கும். கட்டிய சுங்க வரியைத் திரும்பப் பெறுவது தனி அலைச்சல். அளவு சரியாக இருக்குமா என்று சந்தேகமான ஆடை, ஷூ என்றால், உங்கள் நாட்டிலேயே திருப்பி வாங்கிக்கொள்ளும் முகவரி வைத்திருக்கும் பெரிய தளத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்குவதே கட்டுப்படியாகும். லித்தியம் பேட்டரியைத் தனியாக வாங்குவதாக இருந்தால் இந்த ஒப்பீடே வேறு. 2016 ஏப்ரல் முதல் தனி லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது. பல தபால் துறைகள் எடுப்பதே இல்லை. கூரியரிலும் தனிக் கட்டணம், தனி லேபிள். பவர் பேங்க் எவ்வளவு அடிமாட்டு விலைக்கு வந்தாலும் உள்ளூரில் வாங்கிக்கொள்ளுங்கள்.