தண்ணியே மாத்தத் தேவையில்லையாம்!! 14,500 ரூபா போச்சு, மீன் வளக்கிறவை கவனம்

இண்டைக்கு விடியத்தான் கடைசி மீனும் மிதந்தது. மகன் மூண்டு வருசமா வளத்த கோல்ட்பிஷ் ஐஞ்சும் முடிஞ்சுது. அவன் இன்னும் சாப்பிடேல்ல. கை நடுங்க நடுங்கத்தான் இதை எழுதுறன்.

நாங்கள் கிளிநொச்சி. தொட்டி இரண்டரை அடி, அடியில மீன்ட கழிவு சேந்துகொண்டே இருக்கும், கிணத்தில அள்ளி அள்ளி மாத்தி எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. அப்பத்தான் முகப்புத்தகத்தில மீன் விக்கிற ஒரு பக்கத்தில "கிளீனிங் செட்" எண்டு பாத்து கோல் எடுத்தன்.

எடுத்த உடனே அந்தப் பெடியன் விலை சொல்லேல்ல. தொட்டி எத்தினை அடி, எத்தினை மீன், என்ன பில்டர் எண்டு டொக்டர் மாதிரி ஒவ்வொண்டாக் கேட்டான், அதிலதான் நான் விழுந்தன். "நானும் முல்லைத்தீவுப் பக்கம்தான் அக்கா, எங்கட சனத்தை ஏமாத்துவனே" எண்டான். டாங் கிளீனர் எண்ட மீன் ரெண்டு, கோரி எண்ட சின்ன மீன் ஆறு, நத்தை பத்து, பக்ரீரியா மருந்து ஒரு போத்தல், எச்சம் முழுக்க இதுகள் திண்டிடும், இனித் தண்ணி மாத்தவே தேவையில்லையாம். விடமுதல் பில்டர் ஸ்பொஞ்சைக் கழுவி வெயில்ல காயவைக்கவும் சொன்னான். சிறுபோக நெல்லு வித்த காசில 14,500 ரூபா அவன்ட கணக்குக்குப் போட்டன். மீன் போட்ட பையள் பஸ்சில வந்துது. போத்தல்ல ஒரு லேபிள் கூட இல்லை.

மூண்டாம் நாள் தண்ணி பால் மாதிரி. மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவிக்குதுகள்.

கோல் எடுத்தா "போட்டோ அனுப்புங்கோ அக்கா". அனுப்பினா "கிணத்துத் தண்ணி, கல்லுத் தண்ணி, அதுதான்". அதே தண்ணியில மூண்டு வருசம் இருந்த மீன் தம்பி எண்டன். "சாப்பாடு கூடப் போட்டிருப்பியள்". பிறகு "பஸ்சில ஏத்தினாப் பிறகு எங்கட பொறுப்பில்ல". பிறகு புளொக். 14,500 ரூபா!

பரந்தனில மீன் வளக்கிற ஒரு அண்ணைதான் வந்து பாத்து விளங்கப்படுத்தினவர். மீன்ட எச்சத்தைத் திண்டு தீக்கிற பிராணி எண்டு ஒண்டும் இல்லையாம். டாங் கிளீனர் பாசியும் மிச்சச் சாப்பாடும் திண்டுபோட்டு தானும் கும்பமாக் கழிக்கும், ஒரு அடிக்கு மேல வளரும். கழிவில வாற அமோனியா எண்ட நஞ்சை முறிக்கிற பக்ரீரியா இருக்கிறதே ஸ்பொஞ்சிலதான், அதை வெயில்ல காயவைச்சு நானே சாக்கொண்டுபோட்டன், அதுக்கு மேல பதினெட்டு உயிரைக் கொண்டந்து ஒரேயடியா விட்டிருக்கிறன். அமோனியா மீன்ட பூவை (செவுளை) எரிச்சுப்போட்டுது. அவன் சொன்னபடிதானே எல்லாம் செய்தன்!

அவசரத்தில சொல்லுறன், ஸ்பொஞ்சைத் தொட்டியில இருந்து அள்ளின தண்ணியிலயே அலசுங்கோ, காயவிடாதேங்கோ. கிழமைக்கொருக்கா ஹோசால அடிக்கழிவை உறிஞ்சி கால்வாசித் தண்ணி மாத்துங்கோ. கண்ணால பாக்காமல் முழுக்காசு போடாதேங்கோ. வேறென்ன சொல்ல, மனம் சரியில்லை.

டாங் கிளீனர் ஒண்டு மட்டும் தப்பி வாளியில கிடக்கு. இரணைமடுக் குளத்தில விடு எண்டு சொல்லினம். விடமாட்டன், அது எங்கட குளத்து மீன் இல்லை, பெருகினா வலை போடுற சனத்துக்குத்தான் கரைச்சல். ஆரிட்டையாவது பெரிய தொட்டி இருந்தா வந்து கொண்டுபோங்கோ, காசு வேண்டாம்.