போவாஸின் கடிதக் கட்டுகள்: ஃபிலடெல்ஃபியா ஆவணச் சேவை பற்றி

மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸின் (1858–1942) கடிதங்களையும் தனித்தாள்களையும் பாதுகாத்துவரும் ஃபிலடெல்ஃபியாவின் அமெரிக்கத் தத்துவக் கழகம், 1743இல் தொடங்கப்பட்டது. அதன் நூலகம் அக்கடிதங்கள் பலவற்றின் படிமங்களை இணையத்தில் கட்டணமின்றித் தருகிறது.

என் பார்வையில் இத்தொகுப்பின் செல்வம் ஜார்ஜ் ஹண்ட்டின் கடிதங்களே. டிலிங்கிட் இனத் தாய்க்கும் ஆங்கிலேயத் தந்தைக்கும் பிறந்து, கனடாவின் மேற்குக் கரையில் ஃபோர்ட் ரூப்பர்ட்டில் வளர்ந்த அவர், போவாஸிடம் எழுத்துமுறை கற்று, 1933இல் இறக்கும்வரை அக்கரைப் பழங்குடியினரின் குவாக்வாலா மொழிக் கதைகளையும் சடங்கு விவரங்களையும் எழுதியனுப்பினார். பக்கக் கணக்கில் ஊதியம், அருங்காட்சியகத்துக்கான பொருள்களின் விலை, சொற்பொருள் ஐயம் என அவற்றில் பேசப்படும் செய்திகள், அச்சு நூல்கள் மறைத்துவிடும் கூட்டுழைப்பைக் கண்முன் நிறுத்துகின்றன.

கனடாவின் வடகோடியில், அஞ்சல் போக்குவரத்தற்ற பாஃபின் தீவில் 1883–84இல் தங்கியபோது, வருங்கால மனைவி மேரிக்காக எழுதிச் சேர்த்த நாட்குறிப்புக் கடிதங்களும் போவாஸுடையவை. பழைய ஜெர்மன் கையெழுத்துக்குப் பழகாத கண்கள் அவற்றில் தடுமாறும் (என் கண்கள் தடுமாறின). ஆதலால் புதியவர்கள் ஆங்கிலத்தில் அமைந்த ஹண்ட் கடிதங்களிலிருந்து தொடங்குவதே நல்லது.