கம்யூனிட்டி காலேஜில் வெப் புரோகிராமிங்: மூன்று வருடம் படித்த அனுபவம்

கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் மக்களுக்கான அரசுக் கல்லூரி) வெப் புரோகிராமிங் அசோசியேட் டிகிரி முடித்திருக்கிறேன். பேச்சலர் டிகிரிக்கு ஒரு படி கீழே உள்ள பட்டம் இது. 2021 ஃபால் செமஸ்டரில் சேர்ந்து 2024 மே மாதம் முடித்தேன். வாரயிறுதித் தமிழ்ப் பள்ளி வாசலில் குழந்தைகளுக்காகக் காத்திருக்கும் அம்மாக்கள் பலர் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். நின்றபடி பேசும்போது பாதிதான் சொல்ல முடிகிறது.

முதலில் பணம். பாடங்களின் அளவை யூனிட் கணக்கில் சொல்வார்கள். இந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். டிகிரிக்கு 60 யூனிட், ஆக 2,760 டாலர். அதோடு சில சில்லறைக் கட்டணங்கள். ஹெச்4 விசாவில் (ஹெச்1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கானது) இருப்பவர்களும் இந்தக் கட்டணத்தில் படிக்கலாம். ஆனால் செமஸ்டர் தொடங்கும்போது ஒரு வருடத்துக்கு மேல் கலிஃபோர்னியாவில் குடியிருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். இல்லையென்றால் கட்டணம் பல மடங்கு. வாடகை ஒப்பந்தம், வரித் தாக்கல், ஓட்டுநர் உரிமம் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மதுரையில் பி.காம் படித்தவள். அந்த மதிப்பெண் பட்டியல்களை மதிப்பீட்டுக்கு அனுப்பியதில் பொதுப் பாடங்கள் பெரும்பாலும் கழிந்தன. ஆங்கிலக் கட்டுரைப் பாடமும் பேச்சுப் பயிற்சியும் மட்டும் மறுபடி படிக்க வேண்டியிருந்தது. அப்போது எரிச்சலாக இருந்தது. ஆனால் இன்று வேலையில் ஒரு கோளாறை நாலு வரியில் தெளிவாக எழுத முடிகிறதென்றால் அந்தக் கட்டுரை வகுப்புதான் காரணம்.

சரி, பாடங்களுக்கு வருகிறேன். பக்கத்தின் உள்ளடக்கத்துக்கு ஹெச்டிஎம்எல், தோற்றத்துக்கு சிஎஸ்எஸ், பிரௌசரில் ஓட ஜாவாஸ்கிரிப்ட், சர்வரில் ஓட பிஹெச்பி, தகவல்களைச் சேமிக்க டேட்டாபேஸ், செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்க கிட். இவை எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நானும் சேருவதற்கு முன் இரண்டு வருடம் வீடியோ பார்த்தே படித்தேன், எதையும் முடித்ததில்லை. காலேஜில் கிடைத்தது வேறு: நான் எழுதிய புரோகிராமை ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார். லாகின் பக்கம் ஒன்றை எழுதிப் பெருமையோடு சமர்ப்பித்தேன். அடுத்த நாள் பேராசிரியர் என் முன்னாலேயே பெயர்க் கட்டத்தில் ஒரு ஒற்றை மேற்கோள் குறியையும், எப்போதும் உண்மையாகிற ஒரு நிபந்தனையையும் தட்டினார். என் பக்கம் அதையும் டேட்டாபேஸ் கட்டளையின் பகுதியாக எடுத்துக்கொண்டதால் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து பயனர் தட்டும் எதையும் நேராக எஸ்க்யூஎல் (டேட்டாபேஸுக்குக் கட்டளையிடும் மொழி) வரியில் ஒட்டியதில்லை. வீடியோவிலும் இதைச் சொல்லியிருந்தார்கள். என் புரோகிராமிலேயே நடந்து பார்த்தபோதுதான் மனதில் நின்றது.

கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு எங்கள் தமிழ்ப் பள்ளி நூலகத்தை எடுத்துக்கொண்டேன். எந்தப் பிள்ளை எந்தப் புத்தகத்தை எடுத்துப் போயிருக்கிறது என்று பார்க்கும் சின்னத் தளம். பெயர்களைத் தமிழிலேயே பதிய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். முதல் நாள் எல்லாப் பெயரும் கேள்விக்குறிகளாக வந்தன. டேட்டாபேஸில் பெயர்களை வைக்கும் டேபிள், தமிழுக்கு இடமில்லாத பழைய லத்தீன் குறியாக்கத்தில் இருந்தது. அதை எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யுடிஎஃப்8-க்கு மாற்றியதும் தமிழ் வந்தது. அப்புறம் மீனாட்சிசுந்தரம் என்ற பையனின் பெயரை ஏற்கவில்லை. 40 எழுத்துக்கு மேல் கூடாது என்று நான்தான் வரம்பு வைத்திருந்தேன். அந்தப் பெயரில் எங்கே 40 எழுத்து?

நீளத்தை எண்ண நான் பயன்படுத்திய பிஹெச்பியின் ஸ்டர்லென் என்ற ஃபங்ஷன் அந்தப் பெயருக்கு 48 என்றது. அது எண்ணுவது எழுத்துகளை அல்ல, கணினியின் சேமிப்பு அளவான பைட்டுகளை. யுடிஎஃப்8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். எம்பி ஸ்டர்லென் என்ற இன்னொரு ஃபங்ஷன் 16 என்றது, காரணம் அது கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. நம் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணினால் மீ, னா, ட், சி, சு, ந், த, ர, ம் என்று ஒன்பதுதான். கடைசியில் கிராஃபீம் ஸ்டர்லென் என்ற ஃபங்ஷன்தான் ஒன்பது என்று சொன்னது. பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இதைக் கேட்டதும் பத்து நிமிடம் ஒதுக்கி என்னை வகுப்பில் விளக்கச் சொன்னார். பலகையில் அந்தப் பெயரை எழுதி, மெய்யும் உயிரும் எப்படிச் சேர்கின்றன என்று காட்டினேன். பின் வரிசையில் இருந்த வியட்நாம்காரர் ஒருவர் தங்கள் மொழியிலும் குறிகளோடு இதே தொல்லை உண்டு என்று எழுந்து வந்து எழுதிக் காட்டினார். மூன்று வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அதுதான்.

குறைகளும் உண்டு. ஒரு பாடத்தின் குறிப்புகள் மிகப் பழையவை. அதில் இருந்த, மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸோடு பேசும் பழைய ஃபங்ஷன்கள் 2015-இல் வந்த பிஹெச்பி 7-லேயே நீக்கப்பட்டவை. அப்படியே தட்டினால் ஓடாது. எங்களில் பலர் தவறு தங்களுடையது என்று நினைத்து இரவெல்லாம் உட்கார்ந்திருந்தோம். முழுநாள் வேலைக்குப் பிறகு வகுப்புக்கு வருகிறவர்களுக்கு அந்த ஒரு இரவு பெரிய இழப்பு. இருவர் அந்தப் பாடத்தையே விட்டுப் போனார்கள், எனக்கு இன்னும் ஆறவில்லை. சேருமுன் ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். உதாரணமாக சிஎஸ்எஸ் பாடத்தில் பக்க அமைப்புக்கான ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட் இரண்டும் இல்லையென்றால் வேறு ஆசிரியரின் வகுப்பைத் தேடுங்கள்.

இன்னொன்றை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம். பிறகு நாலு வருட பி.எஸ் படிப்புக்கு மாறும் எண்ணம் இருந்தால் இந்த டிகிரி நேர்வழி அல்ல. அதற்குக் கணினி அறிவியலில் டிரான்ஸ்ஃபர் டிகிரி என்று தனியாக இருக்கிறது. கால்குலஸ், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எல்லாம் அதில் வரும். முதல் செமஸ்டரிலேயே காலேஜின் படிப்பு ஆலோசகரிடம் (கவுன்சிலர்) இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

வேலை விஷயம்: பல விளம்பரங்கள் பேச்சலர் டிகிரி கேட்கின்றன. எனக்கு இஏடி (வேலை அனுமதி அட்டை) இருந்ததால் விண்ணப்பிக்க முடிந்தது, பதில் வராத விண்ணப்பங்கள்தான் அதிகம். கடைசியில் ஒரு சின்ன நிறுவனத்தில் நேர்முகத்தின்போது நூலகத் தளத்தைத் திறந்து காட்டினேன். மீனாட்சிசுந்தரம் கதையைத்தான் அரை மணி நேரம் கேட்டார்கள். இப்போது அங்கேதான் வேலை.

தயக்கமாக இருந்தால் ஒரே ஒரு பாடம் எடுத்துப் பாருங்கள். மூன்று யூனிட் 138 டாலர். முழு செமஸ்டர் வகுப்பில் முதல் இரண்டு வாரத்துக்குள் விலகினால் அந்தப் பணமும் திரும்பி வந்துவிடும்.