முதல் ஃபிரெட்டில் மறைந்திருந்த குறை: ஒரு கிட்டார் பயன்பாட்டு அனுபவம்

தானாகவே கிட்டார் கற்கத் தொடங்கும் நண்பர் ஒருவர், என்னிடம் உள்ள அதே மாடலை வாங்கலாமா என்று கேட்டார். அண்மையில்தான் அதைப் பழுதுபார்த்து வாங்கினேன் என்பதால், பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒலியில் குறையே இல்லை. கீழ்ச்சுருதித் தந்திகளின் நாதம் நின்று ஒலிக்கிறது. சுருதியும் எளிதில் இறங்குவதில்லை. என் மனக்குறை முழுவதும் முதல் ஃபிரெட்டை, அதாவது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் முதலாவதைப் பற்றியது. கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகளைத் தாங்கும் சிறு துண்டான நட்டில், தந்திகள் அமரும் பள்ளங்களைப் போதிய ஆழத்துக்கு அறுக்காமலே அனுப்பியிருந்தார்கள். எஃப் கார்டுக்காக (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் தொகுப்பு) சுட்டுவிரலைக் குறுக்கே வைத்து எவ்வளவு அழுத்தினாலும் பாதித் தந்திகள் ஊமையாகவே இருந்தன. அதைவிடக் கொடுமை, ஆறு தந்திகளையும் ட்யூனர் வைத்துச் சரியாகச் சுருதி சேர்த்த பிறகும் சி கார்டு ஒட்டாமல் ஒலித்தது. உயரத்திலிருந்து அழுத்தப்படும் தந்தி கூடுதலாக இழுபட்டு, இரண்டாம் தந்தியின் முதல் ஃபிரெட் ஸ்வரம் ஏறிவிடுவதே காரணம். ஆசிரியர் அருகில் இருந்தால் ஒருமுறை வாசித்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். தனியாகக் கற்பவரோ தன் விரலையும் காதையும்தான் சந்தேகிப்பார். எத்தனை பேர் இந்த இடத்திலேயே வாசிப்பை விட்டிருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்குக் கோபம் வருகிறது.

சோதிக்கும் வழி எளிது. தந்தியை இரண்டாம், மூன்றாம் ஃபிரெட்டுகளுக்கு இடையில் அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டின் மேலே பாருங்கள். மெல்லிய தாள் நுழையும் அளவுக்கே இடைவெளி இருக்க வேண்டும். முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி, எஃப் கார்டின் அதே வடிவத்தை ஒரு ஃபிரெட் தள்ளிப் பிடித்ததும் சட்டென்று எளிதானால், நட் உயரமாக இருக்கிறது என்று பொருள்.

பழுதுபார்த்தவர் பள்ளங்களை அரத்தால் ஆழப்படுத்தி, மறுமுனையில் தந்திகளைத் தாங்கும் துண்டான சேடிலைத் தேய்த்து, 12ஆம் ஃபிரெட்டில் ஆறாம் தந்தியின் உயரத்தை 2.5 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார். பள்ளத்தை அளவுக்கு மீறி அறுத்தால் அழுத்தாத தந்தி முதல் ஃபிரெட்டில் மோதி இரையும்; உயரத்தைக் குறைப்பது எளிது, அறுத்ததை நிரப்புவது கடினம். தயாரிப்பாளர் உயரமாக விடுவதை அதனால் புரிந்துகொள்கிறேன். ஆனால், அதைச் சரிசெய்யாமல், பழகப் பழகச் சரியாகிவிடும் என்று சொல்லி விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது எஃப் கார்டில் ஆறு தந்திகளும் தெளிவாக ஒலிக்கின்றன. நாள்தோறும் ஆசையோடு வாசிக்கிறேன். இதை விற்கும் எண்ணமே இல்லை. ஆயினும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். விற்பவரே நட்டையும் சேடிலையும் சரிசெய்து, உங்கள் கண்முன்னே எஃப் கார்டை வாசித்துக் காட்டினால் மட்டும் யோசியுங்கள்.